பெயின்ட் வைத்த திருகில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தம்பி, தன் இரட்டைச் சிலிண்டர் வண்டியின் டேங்கைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். “இரண்டு த்ராட்டில் பாடியையும் சமன் செய்துவிட்டேன் அண்ணா, ஆனாலும் ஐட்லிங் நிலைக்கவில்லை” என்றார். த்ராட்டில் பாடி என்பது சிலிண்டருக்குக் காற்றை விடும் குழாய்; இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்று போகும்படி வைப்பதே சமன் செய்வது. ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்தான் ஐட்லிங். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் முனையில் மஞ்சள் பெயின்ட் துணுக்கு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே காரியம்.

அந்த மஞ்சள் திருகு

த்ராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை வால்வு முழுவதும் மூடிக்கொண்டு குழாய்ச் சுவரில் உரசாமல், மயிரிழை திறந்தே நிற்கும்படி தாங்குவது இந்த ஸ்டாப்பர் திருகு. காற்று எவ்வளவு புகுகிறது என்று அளந்து தொழிற்சாலையில் நிறுத்தி, அசையக் கூடாது என்பதற்காகவே பெயின்ட் வைக்கிறார்கள். த்ராட்டில் சென்சாருக்கு ‘மூடிய நிலை’ என்பதே இந்த இடம்தான்.

கால் சுற்று உள்ளே திருகினால் ஐட்லிங் ஏறும். எஞ்சின் சீரானதுபோல் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். கை எடுத்த பிறகும் த்ராட்டில் திறந்திருப்பதாகவே எஞ்சினின் கணினியான இசியூ நினைக்கிறது. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. அதைச் சரிசெய்ய இன்னொரு திருகு, அதற்காக மற்றொன்று. நான் அப்படி ஒரு மாலை முழுவதும் திருகினேன். வெளியே அதிகமாகத் திருப்பியதில் வால்வு சுவரில் சிக்கிக் கோடு விழுந்தது. கடையில் அந்தத் திருகு மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. முழு செட்டையும் வாங்கியதில் ஒரு மாதச் சம்பளம் போனது. இன்றும் யாராவது “லேசாகத் திருப்பித்தான் பார்த்தேன்” என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

சமன் செய்யத் தொட வேண்டியது இரண்டு பாடிகளையும் இணைக்கும் திருகு, அல்லது வால்வைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் ஏர் ஸ்க்ரூ. எது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; சர்வீஸ் கையேட்டில் படம் இருக்கும்.

அந்தத் தம்பிக்கு அதிர்ஷ்டம். பெயின்ட் பாதி திருகிலும் பாதி பாடியிலும் உடைந்து நின்றது. டார்ச் அடித்து, உடைந்த இரண்டு விளிம்பும் பொருந்தும்வரை திருப்பி வைத்தோம். பெயின்ட் முழுக்க உதிர்ந்திருந்தால் அந்த வழியும் இல்லை.

ஓசையை வைத்து முடிவு செய்வது

ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 270 டிகிரி. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 270, பிறகு 450 டிகிரி. அந்தத் தாளம் இயல்பிலேயே ஒரே சீராக இருக்காது. அதைக் கோளாறு என்று எண்ணி டேங்கைக் கழற்ற வேண்டாம்.

டேப்பெட் பார்க்காமல் தொடங்குவது

டேப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளி, தவறாக இருந்தால் நீங்கள் சமன் செய்வது அந்தத் தவறைத்தான்.

எண்ணெய்க் குழாய்

சிலிண்டர் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் வாக்குவம் கேஜ் வாங்காமல், தெளிவான குழாயில் டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு த்ராட்டில் பாடியின் வாக்குவம் முனைகளில் மாட்டிச் செய்யலாம், நுட்பமாகவே காட்டும். ஆனால் ஒரு முனை கழன்றால் அடுத்த சிலிண்டர் எண்ணெய் முழுவதையும் உறிஞ்சிவிடும். இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். குழாய் நீளமாக இருக்கட்டும். எண்ணெய்க்குப் பதில் பாதரசம் வேண்டவே வேண்டாம்.

இரண்டு கேஜ் வைத்திருந்தால், முதலில் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயே வேறுவேறு அளவு காட்டினால் கோளாறு கேஜில்தான்.

குளிர்ந்த எஞ்சினில் செய்வது

கூடாது. சூடான பிறகு மின்விசிறி வைத்து, திறந்த வெளியில்.

ஏற்காட்டில் மறுபடி திருகுவது

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர்; 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கேஜ் காட்டும் எண்ணும் குறையும், இரண்டு சிலிண்டரிலும் சேர்ந்தே. பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். அடிவாரத்தில் சமமாக இருந்தது மேலேயும் சமமாகத்தான் இருக்கும்.

ரப்பர் மூடிகள்

குழாய்களைக் கழற்றியதும் வாக்குவம் முனைகளில் இந்த மூடிகளைத் திரும்ப மாட்டுங்கள். வெடித்திருந்தால் புதிது போடுங்கள். அந்த வெடிப்பு வழியாகப் புகும் காற்று, நீங்கள் செய்த வேலையை அன்றே கெடுத்துவிடும்.