சமையலறைச் சுவருக்கு டைல்: பசை குழைக்கும் முன் பென்சில் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த்தில் 1960-களில் எழும்பி, அப்புறம் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய வீடுகளில், சமையலறைச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். மூலை செங்கோணத்தில் இருக்காது, மேடையும் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். டைல் ஒட்டிய பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். அதனால் முதல் நாளை முழுக்கக் கணக்குக்கும் கோடு போடவும் ஒதுக்குங்கள்.

1. அளவு எடுங்கள். சுவரின் நீளத்தைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் அளங்கள். மேடையிலிருந்து மேல் அலமாரியின் அடிவரை உள்ள உயரத்தையும் இரு முனையிலும் பாருங்கள். பிளக், சுவிட்ச் பெட்டிகளைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

2. நடுக்கோடு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இரு பக்கமும் மூலையுள்ள சுவரின் நீளம் 2,450 மி.மீ., டைல் 300-க்கு 100, இடைவெளி 3 மி.மீ. என்று வையுங்கள். 8 முழு டைல் போட்டால், இடைவெளிகளோடு 2,421 போய்விடும். மூலை இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசைக்கு 3 மி.மீ. விட்டுப் பார்த்தால், இரு ஓரத்திலும் மிஞ்சுவது 8 மி.மீ. கீற்று. அதை வெட்டவும் வராது, ஒட்டினாலும் அசிங்கம். 7 முழு டைலாகக் குறைத்துப் பாருங்கள்: இரு ஓரத்திலும் 160 மி.மீ. துண்டு, பாதி டைலுக்கும் மேல். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுவரின் நடுக்கோட்டில் இடைவெளி விழுவதற்குப் பதில் ஒரு டைலின் நடு விழட்டும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு அந்தக் கோட்டைப் போடுங்கள்.

3. மட்டக்கோடு. ரசமட்டத்தை வைத்து மேடையின் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து சிலிக்கோன் இடைவெளி 3, டைல் 100, ஆக 103 மி.மீ. மேலே குறித்து, சுவர் முழுக்க மட்டமாகக் கோடு இழுங்கள். மேடை உயர்ந்த இடங்களில் முதல் வரிசையின் அடியைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். உயரம் 600 என்றால் 5 முழு வரிசை, அதற்கு மேல் 82 மி.மீ. துண்டு வரிசை. அது அலமாரிக்கு அடியில் மறைந்துவிடும். முழு டைல்கள் கண்ணுக்கு நேரே நிற்கும்.

4. அளவுக் கட்டை. நேரான மரச் சட்டத்தில் டைல், இடைவெளி, டைல் என்று குறித்துக்கொண்டு சுவரில் நகர்த்திப் பாருங்கள். பிளக் பெட்டியின் ஓரத்தில் விரல் அகலத் துண்டு விழுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். விழுந்தால் நடுக்கோட்டைச் சற்றே தள்ளுங்கள். ஓரத் துண்டுகள் சமமில்லாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டிப் பக்கம் வெட்டி ஒட்டும் நாளில் டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில்) மின்சாரத்தை அணைக்க மறக்காதீர்கள்.

5. வாங்குவது. இந்தச் சுவர் 1.47 சதுர மீட்டர். பத்து சதவீதம் கூட்டி 1.62 என்று கடையில் சொல்லுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறலாம். டைல் இடைவெளியை நிரப்பும் கிரவுட் வெள்ளை வேண்டாம். நம் வீட்டு அடுப்புக்குப் பின்னால் தாளிப்பும் மஞ்சளும் தெறிக்காத நாளில்லை, சாம்பல் நிறமே தாங்கும்.