முடியரசு நாடுகளின் ஆட்சிச் செய்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் மீனாட்சி அம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடப்பதையும், அம்மனிடமிருந்து செங்கோலைப் பெறுபவர் அதை ஏந்தி வலம் வந்து மீண்டும் அம்மனிடமே சேர்ப்பதையும் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு, அரசர் நாட்டின் தலைவராக இருக்க, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை ஆட்சி நடத்தும் நாடாளுமன்ற முடியரசு என்னும் ஆட்சிமுறை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. செங்கோல் ஒருவருடையது, அதை ஏந்தி நடக்கும் பொறுப்பு இன்னொருவருடையது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பாடம் எடுக்கையில் நான் இதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் ஒப்புமை இவ்வளவோடு நிற்க வேண்டும். அம்மனின் ஆட்சி பக்தியைச் சார்ந்தது. அரசரின் நிலையோ சட்டமும் நெடுங்கால மரபும் வரையறுத்தது.

முதலில், பிரிட்டனிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் அரசியல் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இச்செயல் யார் பெயரில் நடக்கிறது? யாருடைய ஆலோசனையின்படி நடக்கிறது? நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் பிரிட்டன் அரசர் அரியணையில் அமர்ந்து 'எனது அரசு' என்று வாசிக்கும் உரையில், பெயர் அரசருடையது, எழுத்து அமைச்சரவையுடையது. மசோதா சட்டமாவதற்கு அரச ஒப்புதல் தேவை என்பதைப் படித்தவுடன், அரசர் நினைத்தால் தடுத்துவிடலாம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708இல், ஆன் அரசியின் காலத்தில். அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே மறுக்கப்பட்டது.

அடுத்து, பிரதமர் எங்கிருந்து வருகிறார் என்பதைத் தேடுங்கள். பிரிட்டன் மக்கள் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தத்தம் தொகுதிக்குரிய உறுப்பினரையே தேர்ந்தெடுக்கிறார்கள். 650 உறுப்பினர்கள் கொண்ட கீழவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எவரோ, அவரை அரசர் நியமிக்கிறார். 2024 ஜூலை 4ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. மறுநாளே ரிஷி சுனக் பதவி விலக, கியர் ஸ்டார்மரை மூன்றாம் சார்லஸ் அரசர் பிரதமராக நியமித்தார். நம்பிக்கை போனால் பதவியும் போகும். 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் காலகனின் அரசு 311க்கு 310 என்று ஒரே ஒரு வாக்கில் தோற்றதால் பொதுத்தேர்தல் வந்தது. அதே வேளையில் அரியணைக்கு எந்த அசைவும் ஏற்படவில்லை. ஆட்சியாளரை மாற்றும் உரிமை மக்கள் அவையின் கையில் இருப்பதால்தான், பரம்பரையாக வரும் தலைமையும் மக்களாட்சியும் ஒரே வீட்டில் குடியிருக்க முடிகிறது.

இரண்டு கேள்விகளுக்கும் எளிதில் விடை கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலேசியாவில் உறவு இருப்பதால், அந்நாட்டின் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒன்பது மாநிலங்களின் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில், 222 இடங்கள் கொண்ட மக்களவையில் பெரும்பான்மைக்குத் தேவையான 112 இடங்களை எந்தக் கூட்டணியும் எட்டவில்லை. யாருடைய ஆலோசனையைக் கேட்பது என்பதே தெளிவாகாத அந்நிலையில், பெரும்பான்மையின் நம்பிக்கை யாருக்கு இருக்கக்கூடும் என்பதைத் தம் சொந்த மதிப்பீட்டில் முடிவுசெய்யும் பொறுப்பை அரசியலமைப்பு மாமன்னரிடம் அளித்திருக்கிறது. அவர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசினார், பிற ஆட்சியாளர்களோடு கலந்தார், நவம்பர் 24 அன்று அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். இங்கே நிறுத்திவிடாமல் அடுத்த மாதச் செய்தியையும் தேடுங்கள்: அந்த மதிப்பீடு டிசம்பர் 19 அன்று மக்களவையின் நம்பிக்கைத் தீர்மானத்தில் உறுதிப்பட்டது. அரசர் தேர்ந்தெடுத்தாலும் உரைகல் அவைதான்.

ஆலோசனையே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 2019இல் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் இரண்டாம் எலிசபெத் அரசிக்குச் சொன்ன ஆலோசனைப்படி பிரிட்டன் நாடாளுமன்றக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஆலோசனை சட்டவிரோதமானது, ஆகவே ஒத்திவைப்பும் செல்லாது என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். குற்றம் ஆலோசனை சொன்னவர் மீதே நின்றது, அரசியின் மீது அல்ல.

எல்லா முடியரசுகளையும் ஒரே அச்சில் வார்த்ததாகக் கருதிவிடாதீர்கள். ஜப்பான் பேரரசருக்கு ஆட்சி தொடர்பான அதிகாரமே கிடையாது. சுவீடனில் பிரதமர் பெயரை முன்மொழிபவர் நாடாளுமன்றத் தலைவர். பெல்ஜியத்தில் 1990 ஏப்ரலில், கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திடத் தம் மனசாட்சி இடந்தராது என்றார் போதுவாங் அரசர். அவரால் ஆட்சி செய்ய இயலாத நிலை என்று அறிவித்து அமைச்சர்களே கையெழுத்திட்டனர். மறுநாள் நாடாளுமன்றம் அவரை மீண்டும் அரசராக்கியது.

கடைசிப் பயிற்சிக்கு நம் ஊரே போதும். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா ஒரு டொமினியனாக, அதாவது பிரிட்டன் அரசரையே தன் அரசராகக் கொண்ட தன்னாட்சி நாடாக இருந்தது. மதுரையும் சட்டப்படி ஆறாம் ஜார்ஜ் அரசரின் கீழ்தான் இருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் வியப்புக் குரல் எழும். 1948 ஜூன் 21 அன்று ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார், அதாவது அரசரின் பிரதிநிதி ஆனார். அவர் கையெழுத்திட்ட ஓர் ஆணையை மனத்தில் வைத்துக்கொண்டு அதே இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பெயர் அரசருடையது, ஆலோசனை, அரசியல் நிர்ணய சபைக்குப் பொறுப்பேற்றிருந்த நேருவின் அமைச்சரவையுடையது.