பூஞ்சையைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்துப் புழுவில் சோதிக்கும் முறை

பவேரியா பேசியானா பூஞ்சையைக் கொங்கு நாட்டு விவசாயிகள் பலரும் பூச்சிக்குத் தெளிக்கும் பொடியாகவே அறிவார்கள். அதே பூஞ்சை வெளிவிடும் நொதிகளும் புரதங்களும் வெள்ளி அயனிகளை ஒடுக்கி, அதாவது உலோக வெள்ளியாக மாற்றி, 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று திரண்டுவிடாமல் உறைபோல் சூழ்ந்துகொள்கின்றன. இதை ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்பும் கோவை, ஈரோடு பகுதி வேளாண் மாணவர்களுக்கானது இக்குறிப்பு.

பூஞ்சையை உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் திரவ ஊடகத்தில் 25 முதல் 28 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வளர்த்து, திரளை வடித்தெடுத்து, ஊடகத்தின் எச்சம் போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசவும். அலசிய திரளை அதே வகை நீரில் 3 நாள் ஊறவைத்து வடித்தால் வேண்டிய வடிநீர் கிடைக்கும்.

லிட்டருக்கு 0.17 கிராம் வீதம் வெள்ளி நைட்ரேட்டை இந்த வடிநீரில் கரைத்து இருட்டில் வைக்கவும். பெரும்பாலான முயற்சிகள் கெடுவது இந்த இடத்தில், அதுவும் தண்ணீரால்தான். நம் ஊர்ச் சப்பைத் தண்ணீரில் (உப்புச் சுவையுள்ள நீரில்) கழுவிய குடுவையைக் காய்ச்சி வடித்த நீரில் மறுபடி அலசாமல் பயன்படுத்தினால், அதில் ஒட்டியிருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து கரைசல் வெளுத்துக் கலங்கிவிடும். அது நானோ துகள் அன்று, வெள்ளி குளோரைடு. சரியாக நடந்தால் வெளிர்மஞ்சள் மெல்லப் பழுப்பாக மாறும். நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒளி உறிஞ்சலின் முகடு ஒன்று தெரியும். துகளின் அளவை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவி வேண்டும். கையுறை அவசியம், வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்து, சில நாள் அப்படியே இருக்கும். பின்னர் மையவிலக்கியில் சுழற்றித் துகள்களைப் பிரித்து, மிஞ்சிய அயனிகள் நீங்கக் கழுவவும்.

சோதனைக்கு ஆமணக்கு இலை வட்டங்களைக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, மூன்றாம் பருவப் (இருமுறை தோலுரித்த) புரோடீனியா புழுக்களை, அதாவது புகையிலை வெட்டுப்புழுக்களை, விடவும். வெறும் நீர், வெறும் வடிநீர், வெறும் வெள்ளி நைட்ரேட் ஆகிய மூன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; வெள்ளி அயனியே நஞ்சு என்பதால், அது இல்லாத சோதனை துகளைப் பற்றி எதையும் நிறுவாது என்பது என் கருத்து. 24, 48, 72 மணி நேரத்தில் மென்தூரிகையால் தொட்டும் அசையாத புழுக்களை இறந்தவையாகக் கணக்கிட்டு, 1925இல் பூச்சியியலாளர் ஆபட் வகுத்த வாய்பாட்டால், இயல்பான இறப்பு கழியும்படி, திருத்தவும்: நீரில் 10 சதவீதமும் துகளில் 55 சதவீதமும் இறந்தால், 45ஐ (55−10) 90ஆல் (100−10) வகுக்கத் திருத்திய இறப்பு 50 சதவீதம். நீரிலேயே 20 சதவீதத்துக்கு மேல் இறந்தால் சோதனையை மறுபடி தொடங்கவும்.

இக்கரைசலைக் காடு தோட்டத்தில் பயிருக்குத் தெளிக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெறாத மருந்து இது. மேலும் வெள்ளி மண்ணில் சிதையாமல் தங்கி நுண்ணுயிர்களைப் பாதிக்கக்கூடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈயை அடக்கிவரும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிக்கு இது என்ன செய்யும் என்று சோதிக்காமல் அங்கே கொண்டுபோவது பொறுப்பற்ற செயல். தோட்டத்துக்கு இப்போதைக்குப் பதிவு பெற்ற பவேரியா பொடியே போதும்; வெயில் தாழ்ந்த பின் தெளிக்கவும். ஆய்வகத்தில் மிஞ்சும் வெள்ளிக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல், பெயர் எழுதிய புட்டியில் சேர்த்துக் கல்லூரியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படைக்கவும்.