மக்காச்சோள மணியின் புள்ளிகளில் தாவும் மரபணுவைப் படிப்பது எப்படி?

மக்காச்சோள மரபுத்தொகுதியில், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ.வில், ஏறக்குறைய 85 விழுக்காடு இடம்மாறும் டி.என்.ஏ. கூறுகளே. அவை தாவிய தடத்தை வெறும் கண்ணால் காண, ஏசி (Ac), டிஎஸ் (Ds) என்னும் இரு இடம்மாறும் கூறுகளும் உள்ள வகையில், ஊதாப் புள்ளிகள் சிதறிய மணிகளைக் கொண்ட கதிரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணியை நீரில் ஊறவைத்து, மேல்தோலை ஊசியால் மெதுவாக உரிக்க வேண்டும். நிறம் தோலோடு போய்விடாமல் அடியிலுள்ள அலூரான் அடுக்கில் தங்கினால்தான் அந்த மணி பயன்படும். அடுத்து, கைலென்ஸில் புள்ளிகளின் அளவைப் பாருங்கள், ஏனெனில் செய்தி முழுவதும் அங்கேதான் இருக்கிறது: நிறமி மரபணுவுக்குள் புகுந்து அதை முடக்கிய டிஎஸ், மணி வளரத் தொடங்கியபோதே வெளியேறியிருந்தால், நிறம் மீண்ட செல் பலமுறை பிரிந்து பெரிய திட்டாகும், கடைசிப் பிரிவுகளில் வெளியேறியிருந்தால் ஊசிமுனைப் புள்ளியே மிஞ்சும். டிஎஸ் தானாக நகராது. ஏசி உருவாக்கும் நொதி அதற்கு வேண்டும். ஏசியின் நகல்கள் கூடக்கூடத் தாவல் தாமதமாகிப் புள்ளிகள் சிறுக்கும் என்பது, அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் கதிர் கதிராகப் பார்த்துக் கண்டறிந்த, இன்றும் என்னை வியக்கவைக்கும் உண்மை.

புள்ளியற்ற வெளிர் மணிகளையும் ஒதுக்காமல் தனியே எண்ணுங்கள். அவை ஏசி கிடைக்காதவையா என்பதை, அவற்றை விதைத்து வளரும் செடியை ஏசி உள்ள செடியோடு கலப்பினம் செய்து, விளையும் மணிகளில் புள்ளி எழுகிறதா என்று பார்த்தே உறுதிசெய்ய முடியும்.