தைராய்டு உள்ளவர்கள் கண்ணைக் கவனிக்கும் முறை

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயில், தைராய்டைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்புப் புரதங்கள் கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்கச் செய்கின்றன; சுற்றிலும் எலும்பாக இருக்கும் கண்குழி விரிந்துகொடுக்காததால், விழி முன்னால் தள்ளப்படுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். அளவு சரியாகிவிட்டது என்பதற்காகக் கண்ணும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சிலருக்குத் தைராய்டுக் கோளாறு தெரியவருவதற்கு முன்பே கண் மாறத் தொடங்கிவிடுகிறது.

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நேராகப் பாருங்கள். மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைச் சற்றே மூடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று தெரிந்தால் இமை மேலேறியிருக்கிறது என்று பொருள். தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் பிடிபடாது என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. நீங்கள் தூங்கும்போது இமைகள் முழுதாக மூடுகின்றனவா என்று வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பும் உறுத்தலும் வாரக்கணக்கில் நீடித்தால், அதை 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. குங்குமச் சிமிழை முன்னால் வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணாலும், பிறகு மாற்றியும் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பொருள்கள் புதிதாக இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண்ணுக்கான ஜெல், தலைக்கு உயரமாக இன்னொரு தலையணை ஆகியவை வறட்சியையும் காலை வீக்கத்தையும் குறைக்கும். புகைபிடிப்பவர்கள் இன்றே நிறுத்தியாக வேண்டும். இந்த நோயை முற்றவைப்பதில் நம் கையில் இருக்கும் காரணங்களுள் அதைவிடப் பெரியது வேறில்லை. கதிரியக்க அயோடினால் தைராய்டின் சுரப்பை அடக்கும் ரேடியோ அயோடின் சிகிச்சை சிலருக்குக் கண்ணை மோசமாக்கலாம் என்பதால், அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் கண்ணில் உள்ள தொந்தரவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீக்கம் முனைப்பாக உள்ள காலத்தில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் பயன்படும். அவசர நிலை தவிர, அறுவை சிகிச்சைக்கு நோய் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் முதலில் கண்குழியை விரிவாக்கி, அடுத்து தசையைச் சீராக்கி, கடைசியில்தான் இமையைச் சரிசெய்வார்கள். முந்தையது ஒவ்வொன்றும் பிந்தையதன் அளவை மாற்றிவிடும்.