பாக்ஸைப் பிரிக்கும் முன் கையைக் கழுவுங்கள்

கால்பந்து வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பவர்கள் வாங்கும் கார்டுகள் பாக்கெட் பாக்கெட்டாக அடைத்து வருவதுதான் ஹாபி பாக்ஸ். என் முதல் ஹாபி பாக்ஸைப் பிரித்தது லண்டனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில். சமையலறை மேசை, பக்கத்தில் ஒரு கிண்ணம் மிக்சர். டாப்ஸ் நிறுவனம் 2020-21 சீசனுக்குப் போட்ட, ‘குரோம்’ என்னும் பளபளப்பு வகை சாம்பியன்ஸ் லீக் பாக்ஸ் அது. ஏழாவது பாக்கெட்டில் இங்கிலாந்து வீரர் ஜூட் பெல்லிங்காம், ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்கு ஆடிய காலத்து ரூக்கி கார்டு, அதாவது ஒரு வீரர் புதிதாக வரும்போது வெளியாகும் கார்டு. ஆசையாக எடுத்தேன், கட்டைவிரல் ரேகை எண்ணெயோடு அப்படியே பதிந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். ரேகை போய்விட்டது, ஆனால் துணிக்கும் கார்டுக்கும் நடுவில் மாட்டிய மிக்சர் துகள் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைப்பது. தீனி வேறு அறையில் இருக்கட்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்ட காசு திரும்பும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் திரும்பாது. ஜெர்மன் வீரர் முசியாலாவின் கார்டுதான் வேண்டும் என்றால் அதைத் தனியாக வாங்குவதே மலிவு. பாக்ஸுக்குக் கொடுக்கும் பணம் பிரிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். அதை ஏன் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்?

நான் சொல்லும் பாக்ஸில் 18 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 4 கார்டு, ஆக மொத்தம் 72. அடிப்படை செட்டே 100 கார்டு என்பதால் ஒரு பாக்ஸில் செட் முடியாது. பாக்ஸுக்கு ஒரு கையெழுத்துக் கார்டு என்பது கணக்கு. எனக்கு வந்தது, யார் என்று கூகுளில் தேட வேண்டியிருந்த ஒரு டிஃபெண்டர்.

மேசையில் ஒரு மெல்லிய துண்டை விரித்து, மேலே விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பென்னி ஸ்லீவ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒரு கட்டு, அதற்கு மேல் போடும் கெட்டி உறையான டாப்லோடர் (35 பாயிண்ட் தடிமன் அளவு) பத்து, கொஞ்சம் மாஸ்கிங் டேப் போதும். மேலுறையைக் கிழிக்கும் முன் சுற்றிப் பாருங்கள். தளர்வாகவோ, பசை தடவி ஒட்டியது போலவோ இருந்தால் படம் எடுத்துவிட்டுக் கடைக்காரரைக் கேளுங்கள். ரசீதையும் காலி பாக்கெட்டுகளையும் எண்ணிக்கை சரிபார்க்கும் வரை எறியாதீர்கள்.

அப்புறம் பாக்கெட். கத்தரிக்கோல் வேண்டாம், பல் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டை நிமிர்த்தி மேசையில் மெல்ல இரண்டு தட்டு தட்டினால் கார்டுகள் அடியில் உட்கார்ந்து மேல் பக்கம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் பிடித்து, சிப்ஸ் பாக்கெட் பிரிப்பது போல விலக்குங்கள். நான்கையும் சேர்த்து வெளியே எடுங்கள். விளிம்பை மட்டும் தொடுங்கள், முனையில் விரல் படக் கூடாது. சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றைத் தேய்த்து நகர்த்தினால் குரோமில் கீறல் விழும். ஒவ்வொன்றாகத் தூக்கி வையுங்கள்.

விளக்கின் கீழ் கார்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சாதாரண கார்டு கண்ணாடி போல மினுங்கும், ரிஃப்ராக்டர் என்னும் சிறப்பு வகை என்றால் வானவில் ஓடும். மொத்தம் எத்தனை பிரதி என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடுங்கள். தங்க நிறம் 50 பிரதி, ஆரஞ்சு 25, சூப்பர்ஃப்ராக்டர் உலகத்துக்கே ஒன்று. அந்த ஒன்றை நான் பார்த்ததில்லை, விடுங்கள்.

நல்ல கார்டு வந்த கையோடு ஸ்லீவில் போடுங்கள். ஸ்லீவின் வாயை இரு பக்கமும் லேசாக அழுத்தினால் அது விரிந்து கொடுக்கும், முனை இடிக்காமல் கார்டு இறங்கும். பிறகு டாப்லோடர். வாய்ப்பக்கம் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நுனியை மடித்து விடுங்கள், பின்னால் உரிக்கச் சுலபம். செல்லோடேப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்று, ஈரம். ஒரு மே மாத விடுமுறையில் தம்பியிடம் காட்ட ஐந்தாறு கார்டுகளைச் சென்னைக்கு எடுத்துப் போனேன். நான்கே நாளில் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. உள்ளே இருக்கும் அட்டை ஈரத்தை இழுத்து விரிகிறது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. இப்போது மூடி இறுக்கமான டப்பாவில்தான் வைக்கிறேன். புதுச் செருப்போடு வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வீட்டில் யாரும் எறிவதில்லை, என் மனைவி அவளாகவே எடுத்து வந்து டப்பாவில் போட்டுவிடுகிறாள்.