ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடலில் நல்ல டோன் எடுப்பது எப்படி?

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கையோடு பலரும் அடுத்துத் தேடுவது ஒரு டிஸ்டார்ஷன் பெடலைத்தான், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டி, காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி. நானும் அப்படித்தான் வாங்கினேன். அறையில் தனியாக வாசிக்கும்போது இடி மாதிரி இருந்தது. டிரம்மரோடும் பேஸ் கிட்டார் வாசிப்பவரோடும் சேர்ந்து வாசித்த முதல் நாளே அந்தச் சத்தம் காணாமல் போய்விட்டது. நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. காரணம் பிடிபடப் பல மாதங்கள் ஆயின. இப்போது எந்தப் பெடல் கையில் கிடைத்தாலும் நான் செய்வதை வரிசையாக எழுதுகிறேன். டியூன் செய்வது, கேபிள் மாட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு பெடலும் செய்யும் வேலை ஒன்றுதான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கி, அலையின் உச்சியை வெட்டுகின்றன. ஓவர்டிரைவ் உச்சியை மழுக்கும். டிஸ்டார்ஷன் தட்டையாகச் சீவிவிடும். ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமரில் வெட்டும் டையோடுகள் பெருக்கும் சிப்பின் ஃபீட்பேக் பாதையில் (வெளியீடு திரும்ப உள்ளே வரும் வழியில்) இருக்கின்றன. 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1இல் சிக்னல் பெருகி முடிந்த பிறகு டையோடுகள் மிச்சத்தை கிரவுண்டுக்கு இறக்கிவிடுகின்றன. இது கைக்கு உடனே தெரியும். ஓவர்டிரைவில் மென்மையாக மீட்டினால் ஒலி தெளிகிறது, ஓங்கி அடித்தால் கரகரக்கிறது. டிஸ்டார்ஷனில் எப்படி அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

முதல் பெடலாக ஓவர்டிரைவையே வாங்குங்கள் என்பேன். கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது மறைக்காது, அதனால் வாசிப்பும் திருந்தும்.

படி 1: ஆம்ப்

ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) கரகரப்பில்லாத கிளீன் சேனலில் வையுங்கள். பேஸ் (கீழ் ஒலி), மிட் (நடு ஒலி), டிரெபிள் (மேல் ஒலி) குமிழ்கள் மூன்றும் 12 மணி நிலையில், அதாவது கடிகார முள்போல நேர் மேலே பார்த்தபடி. ரிவெர்ப் வேண்டாம். பெடல் இல்லாமலே கேட்க நன்றாக இருக்கும் வரை ஆம்பைச் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் பெடல்.

படி 2: லெவல்

கரகரப்பின் அளவைக் கூட்டும் டிரைவ் குமிழை முழுக்கக் குறைத்து, டோனை நடுவில் வையுங்கள். பெடலை மிதித்தாலும் அணைத்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும்படி லெவலைத் திருப்புங்கள். சத்தம் சற்றுக் கூடினாலே டோன் நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். டிரைவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் லெவலையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

படி 3: டிரைவ்

மெல்ல ஏற்றுங்கள். ஒரு முழு ஏ மேஜர் கார்டை அடித்துவிட்டுக் காத்திருங்கள். கம்பிகள் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கின்றனவா, எல்லாம் சேர்ந்து கூழாகிவிட்டதா? கூழாகும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

கூழாவதற்குக் காரணம் இருக்கிறது. சிக்னலை வெட்டும்போது இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் புது ஒலியாகச் சேர்கிறது. 110 ஹெர்ட்ஸ் ஏ-யும் 165 ஹெர்ட்ஸ் இ-யும் சேர்ந்தால் வித்தியாசம் 55. அதுவும் ஏ-தான், ஒரு ஆக்டேவ் கீழே. அதனால்தான் இப்படி இரண்டு சுரங்கள் மட்டும் சேரும் பவர் கார்டு டிஸ்டார்ஷனில் அவ்வளவு கனமாக நிற்கிறது. நடுவில் சி ஷார்ப்பைச் சேர்த்தால் ஏ-யோடு அதன் வித்தியாசம் 28.6, எந்தச் சுரத்தோடும் சரியாகப் பொருந்தாத உறுமல். டிரைவ் கூடக் கூடச் சுரங்களைக் குறைத்து வாசியுங்கள்.

படி 4: மிட்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வாசிக்கும்போது காதுக்கு பேஸும் டிரெபிளும் குறைவாகவே கேட்கும். அதை ஈடுகட்ட நாம் இரண்டையும் ஏற்றி, மிட்டைக் குறைத்துவிடுகிறோம். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். குழுவில் என்ன நடக்கிறது? பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, கிக் டிரம்மும் அங்கேதான். மேலே சிம்பல்கள் பிடித்துக்கொள்கின்றன. கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி மட்டுமே. நாமோ அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறோம்.

அன்று ஒத்திகையில் ஆம்பின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன், பயனில்லை. பிறகொரு நாள் மிட்டை 9 மணியிலிருந்து 2 மணிக்குக் கொண்டுவந்து, டிரைவைப் பாதியாக்கினேன். சத்தத்தை ஏற்றாமலே கிட்டார் முன்னால் வந்து நின்றது. டியூப் ஸ்கிரீமரை இத்தனை பேர் விரும்புவதும் இதனால்தான். அது பேஸைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது.

வீட்டிலேயே சோதிக்க, டிரம்மும் பேஸும் மட்டும் உள்ள ஒரு டிராக்கை ஓடவிட்டு அதோடு வாசியுங்கள். தனியாக வாசித்துக்கொண்டு டோன் வைக்காதீர்கள்.

படி 5: டோன் குமிழும் கிட்டார் வால்யூமும்

டோனைக் கூர்மை உறுத்தாத அளவுக்கு வைத்தால் போதும். ராட் (RAT) என்ற டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதிலுள்ள ஃபில்டர் குமிழ் தலைகீழ். வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலி மங்கும்.

கிட்டாரின் வால்யூமை 10இலிருந்து 6க்கு இறக்கிப் பாருங்கள். நல்ல ஓவர்டிரைவ் கிட்டத்தட்ட கிளீனாகிவிடும். வெர்ஸுக்கு 6, கோரஸுக்கு 10. பெடலை மிதிக்கவே வேண்டாம்.

இரண்டு பெடல் இருந்தால்

ஓவர்டிரைவை முன்னாலும் டிஸ்டார்ஷனைப் பின்னாலும் வையுங்கள். ஓவர்டிரைவின் டிரைவை அடியோடு குறைத்து, லெவலை நன்றாக ஏற்றுங்கள். அதிகக் கரகரப்பு சேராது, பேஸ் கழிந்து உள்ளே போவதால் வேகமான ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டுகள்) இறுக்கமாகக் கேட்கும். மெட்டல் வாசிப்பவர்கள் வெகுகாலமாகச் செய்வது. டிலே, ரிவெர்ப் எல்லாம் இவற்றுக்குப் பிறகு வரட்டும். எதிரொலியைக் கரகரப்பாக்கினால் எல்லாம் குழம்பும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன்.

பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) செருகி ஹெட்ஃபோனில் கேட்டால் வண்டு ரீங்காரம் மாதிரி வருகிறது என்றார் ஒருவர். பெடலில் பழுதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பகுதியை வெட்டிவிடும், ஹெட்ஃபோன் வெட்டாது. கணினியில் ஒரு கேபினட் சிமுலேட்டரை (கிட்டார் ஸ்பீக்கர் போல ஒலியை மாற்றும் மென்பொருளை) போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, இரைச்சல். ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குக் கிளை பிரித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு பெடலை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்குங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆனாலும் செருகும் முன் பெடலின் மேலுள்ள குறியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பவர்களுக்கு: வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும் வரை, பெடலை அணைத்திருந்தாலும் பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.